கடல் மயக்கமும் வடஆற்காட்டு ஹாஜிகளும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்கள் கடலறியாதவை. ஆம்பூரிலிருந்து சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு. இவ்வூர்களுக்கு வாய்த்த நீர் பாலாறு ஒன்றே. அதுவும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சென்றன. எனினும் பழைய வடஆற்காடு என்னும் பெயரால் இவற்றை ஒருங்கே குறிப்பதே நம் பொருளுக்கு ஏற்றது.

இவ்வூர்களைக் கடலோடு பிணைத்தவை இரண்டு. ஒன்று தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடப்பட்ட மாட்டுத்தோல் 'ஈ.ஐ. கிப்ஸ்' என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. மற்றொன்று ஹஜ். தோல் சென்றது, அதனை விற்றவர் பெரும்பாலும் பெரியமேட்டு மண்டிக்கு அப்பால் செல்லவில்லை. ஆகவே பாலாற்றங்கரை முஸ்லிம் ஒருவர் தம் வாழ்நாளில் கப்பலேறினார் எனில் அது பெரும்பாலும் ஹஜ்ஜுக்காகவே இருந்தது. அவ்வாறு ஏறியவர் கண்ட முதல் அனுபவம் என்ன? கஅபாவின் காட்சி அன்று. ஜித்தாவின் கரையும் அன்று. தலைச்சுற்றும் குமட்டலும் வாந்தியுமே ஆகும்.

ஹஜ் பயணத்தைப் பற்றி நம்மவர் எழுதியவற்றுள் ஸியாரத்துகளின் பட்டியல் உண்டு, துஆக்களின் தொகுப்பு உண்டு. இந்த உடல் துன்பத்துக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. 'கடல் சற்றுக் கொந்தளிப்பாக இருந்தது' என்பதோடு அது முடிந்துவிடும். இஃது அற்பமான செய்தி என்னும் எண்ணமே காரணம் போலும். ஆனால் ஹதீஸ் நூல்களையும் ஃபிக்ஹு நூல்களையும் புரட்டினால், நம் முன்னோர் இதனை அற்பமாகக் கருதவில்லை என்பது தெளிவாகிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். கடலாட்டத்தால் தலைசுற்றி வாந்தியெடுப்பவரை அரபியில் 'மாஇத்' என்பர். இதன் வேர் மீம், யா, தால் ஆகிய மூன்றெழுத்து; பெரியதொரு பொருள் அசைந்தாடுவதே அதன் அடிப்படைப் பொருள். பூமி மனிதரோடு சாய்ந்தாடாதிருக்க அதில் மலைகள் நிலைநிறுத்தப்பட்டன என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் கூறுமிடத்தில் வரும் வினைச்சொல்லும் இதே வேரினதாகும். லுக்மான் அத்தியாயத்தின் 10ஆம் வசனத்திலும் அதுவே வருகிறது. நிலத்தில் நிற்பவன் தன் கால்கீழ் உள்ள உறுதியை ஒருபோதும் எண்ணிப் பார்ப்பதில்லை. கப்பலில் அந்த உறுதி அகன்றவுடன் அவனே 'மாஇத்' ஆகிவிடுகிறான். நம் பகுதி உருது வழக்கில் 'சக்கர்', 'மத்லீ' என்பர். படித்தோர் 'தவரானே ஸர்' என்பர். தமிழில் தலைச்சுற்று, மயக்கம், குமட்டல் எனப் பல சொற்கள் உண்டெனினும் கடலுக்கே உரிய தனிச்சொல் உள்நாட்டார் நாவில் வழங்கவில்லை. கடலில்லாத ஊருக்கு அச்சொல்லின் தேவை எழவில்லை.

இனி ஹதீஸ். ஸுனன் அபூதாவூதின் ஜிஹாத் பகுதியில் ஓர் அறிவிப்பு உண்டு. கடலில் மயங்கி வாந்தியெடுப்பவருக்கு ஒரு ஷஹீதின் நற்கூலியும், மூழ்கி இறப்பவருக்கு இரு ஷஹீதுகளின் நற்கூலியும் உண்டு என்பது அதன் கருத்து. ஹதீஸ்கலை அறிஞர்களில் இதனை ஏற்கத்தக்க தரத்தது என்போர் உளர். இதனை அறிவிப்பவர் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) என்பதுதான் நம் கவனத்தை ஈர்க்க வேண்டியது. அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் சிற்றன்னை. உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களின் துணைவியார். நபி (ஸல்) அவர்கள் இவரது இல்லத்தில் உறங்கி விழித்துப் புன்னகைத்ததும், தம் சமுதாயத்தார் அரியணையில் அமர்ந்த அரசர்போல் கடலில் செல்வதைக் கனவில் கண்டதாகக் கூறியதும், அவர்களுள் தாமும் இடம்பெற உம்மு ஹராம் (ரலி) வேண்டிக்கொண்டதும் புகாரியில் இடம்பெற்ற புகழ்பெற்ற செய்தி. ஹிஜ்ரி 28இல் முஆவியா (ரலி) தலைமையில் சைப்ரஸுக்குச் சென்ற படையில் அவர் சென்றார். கரையிறங்கியபின் ஊர்தியிலிருந்து விழுந்து மரணமுற்றார். சைப்ரஸின் லார்னகா நகரருகே உள்ள 'ஹாலா சுல்தான் தெக்கே' அவரது அடக்கத்தலமாகப் போற்றப்படுகிறது.

அரியணைக் கனவையும் வாந்தியின் நற்கூலியையும் நமக்கு எட்டச் செய்தவர் ஒருவரே, அதுவும் கடலேறிய ஒரு பெண்மணியே என்பதைச் சொற்பொழிவுகளில் நாம் அதிகம் கேட்பதில்லை. அரசர் போன்ற வீற்றிருப்பு ஒருபுறம், அதனடியில் உடலின் அவலம் மறுபுறம். இரண்டையும் ஒருசேரக் காட்டும் மரபு நம்முடையது.

அந்த அச்சம் அரசியலிலும் இடம்பெற்றது. முஆவியா (ரலி) கடற்படைக்கு இசைவு கேட்டபோது, உமர் (ரலி) எகிப்தின் ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களிடம் கடலின் இயல்பை விவரித்து எழுதப் பணித்தார். மரத்துண்டின் மேல் ஒட்டிய புழுப்போன்றவர் கடற்பயணிகள் என்ற பொருளில் அம்ரு (ரலி) விடையெழுதியதாகத் தபரீ பதிவு செய்கிறார். அதைப் படித்த உமர் (ரலி) இசைவளிக்கவில்லை. உஸ்மான் (ரலி) காலத்திலேயே அது கிடைத்தது.

மேற்கூறிய நற்கூலி எப்பயணத்துக்கு உரியது என்றும் விரிவுரையாளர் ஆய்ந்தனர். அறப்போர், ஹஜ், கல்வி போன்ற வணக்க நோக்கிலான பயணமே அது என்றனர். வணிகனுக்கு அதில் பங்குண்டா என்னும் வினாவையும் அவர்கள் விடவில்லை: வேறு வழியின்றி, செல்வத்தைப் பெருக்குவதற்கன்றி வாழ்க்கைத் தேவைக்காகக் கடலேறினால் அவனுக்கும் உண்டு என்றனர் சிலர். தோல் வணிகரும் ஹாஜிகளும் ஒரே வீட்டில் வாழ்ந்த நம் ஊர்களில் இந்த வேறுபாடு நின்று யோசிக்கத்தக்கது.

அடுத்தது, இவ்வனைத்தினும் வளமான ஃபிக்ஹுப் பகுதி. வடஆற்காட்டு முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூரார் ஷாஃபிஈகள். கடலோடு பிறந்து வளர்ந்தவர் ஒரு மத்ஹபிலும், கடலறியாதவர் மற்றொரு மத்ஹபிலும் அமைந்தனர். கப்பல் தொழுகையில் அதிகச் சலுகை எந்த மத்ஹபில் உள்ளது? கடலறியாதவர் பின்பற்றும் மத்ஹபின் இமாமிடமே!

ஓடும் கப்பலில் நோயேதுமில்லாதவர் கடமையான தொழுகையை உட்கார்ந்து தொழலாமா? கூடும், நின்று தொழுவது சிறந்தது என்பார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் தக்க காரணமின்றிக் கூடாது என்பர். நிற்றல் தொழுகையின் ஃபர்ளு அன்றோ. காரணமின்றி அதனை விடுவது எங்ஙனம் என்பது அவ்விருவர் வாதம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சார்பில் 'ஹிதாயா' தரும் விளக்கம் நுட்பமானது. கப்பலில் தலைச்சுற்று ஏற்படுவதே பெருவழக்கு. பெருவழக்கானது நிகழ்ந்துவிட்டது போலவே கொள்ளப்படும். அஃதாவது, ஒருவருக்குத் தலை இன்னும் சுற்றாவிட்டாலும், சுற்றக்கூடிய இடத்தில் அவர் இருக்கிறார் என்பதே போதும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் கரையைப் போன்றது; அதற்கு இச்சலுகை இல்லை.

பிற்காலத்து ஹனஃபி அறிஞர்கள் இரு மாணவர்களின் கருத்தையே வலுவானதாகக் கண்டனர். 'துர்ருல் முக்தார்' அவ்வாறே குறிக்கிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கருத்து வேறுபாடு தலைசுற்றாதவரைப் பற்றியதே. உண்மையிலேயே மயங்கி விழும் நிலையிலுள்ளவர் உட்கார்ந்து தொழுவதில் மூவருக்குமிடையே வேறுபாடில்லை. ஷாஃபிஈ நூல்களும் தலைச்சுற்றுக்கோ மூழ்குவதற்கோ அஞ்சுபவர் உட்கார்ந்து தொழலாம் என்றே கூறுகின்றன. ஜாபிர் (ரலி), அபூஸஈத் (ரலி) இருவரும் கப்பலில் நின்று தொழுததைப் புகாரி குறிப்பிடுவது இயன்றவருக்கான முன்மாதிரி. ஹாஜிகளில் எத்தனையோ பேர், குறிப்பாகப் பெண்களும் முதியோரும், கப்பல் தளத்தில் உட்கார்ந்து தொழுத தொழுகை நிறைவேறியிருக்குமோ என்று ஐயுற்றிருக்கக் கூடும். ஐயத்துக்கு இடமில்லை என்று அவர்களிடம் சொல்வதற்கு ஓர் ஆலிமும் ஒரு நூலும் போதுமாயிருந்தன.

'ஹிதாயா'வின் ஆசிரியர் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 593) ஃபர்கானாப் பள்ளத்தாக்கினர், எந்தக் கடலுக்கும் எட்டாத் தொலைவு அது. இமாம் அபூஹனீஃபாவின் கூஃபாவோ யூப்ரடீஸ் ஆற்றங்கரை நகர். ஆற்றுப் படகை மனத்திற்கொண்டு எழுந்த ஆய்வு, கடலில்லா நாட்டினர் ஒருவரால் தொகுக்கப்பட்டு, தர்ஸே நிஜாமியா பாடத்திட்டத்தின் வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்து, ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) தோற்றுவித்த வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மத்ரஸாக்களில் ஓதப்பட்டு, அரபிக்கடலில் தத்தளித்த பாலாற்றங்கரை ஹாஜிக்குக் கைகொடுத்தது.

உளூவின் சிக்கல் வேறு. ஹனஃபிகளிடம் வாய் நிறைந்த வாந்தி உளூவை முறிக்கும், ஷாஃபிஈகளிடம் முறிக்காது. சிறிது சிறிதாகப் பலமுறை வாந்தி வந்தால்? ஒரே அமர்வில் வந்தவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும் என்பார் அபூயூஸுஃப் (ரஹ்). ஒரே குமட்டலால் வந்தவற்றைச் சேர்க்க வேண்டும் என்பார் முஹம்மத் (ரஹ்). நிலத்தில் இந்த வேறுபாடு வெறும் பாடமாகத் தோன்றும். காலையில் தொடங்கிய குமட்டல் அஸர் வரை நீடிக்கும் கப்பலில் அதுவே நடைமுறை வினாவாகிவிடுகிறது. நன்னீரோ அளவோடு வழங்கப்படும். அப்போது கைகொடுப்பது இன்னொரு ஹதீஸ்: கடலில் செல்லும் நாங்கள் உள்ள நீரை உளூவுக்குச் செலவிட்டால் தாகத்துக்கு ஆளாவோமே என்று ஒருவர் கேட்க, கடல்நீர் தூய்மையாக்கவல்லது என நபி (ஸல்) விடையளித்தார்கள். ஆகவே உப்புநீரில் உளூச் செய்து, வாந்தியெடுத்து, மீண்டும் உப்புநீரில் உளூச் செய்வது ஹனஃபி ஹாஜியின் அன்றாடமாயிற்று. பக்கத்தில் இருந்த காயல்பட்டினத்து ஷாஃபிஈ வாயைக் கொப்பளித்துவிட்டுத் தொழச் சென்றிருப்பார்.

கடலுக்கு அஞ்சி ஹஜ்ஜையே கைவிடலாம் என்று சொன்னவர்களும் இந்நாட்டில் இருந்தனர். வழிப் பாதுகாப்பு ஹஜ் கடமையாவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. அதனைச் சுட்டி, கடல்வழி ஆபத்தானதால் இந்திய முஸ்லிம்கள் மீது ஹஜ் கடமையன்று என 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடநாட்டு ஆலிம்கள் சிலர் கருத்துரைத்தனர். அதனை மறுக்கும் முகமாகவே ஸைய்யித் அஹ்மத் ஷஹீத் (ரஹ்) 1821இல் பெருங்கூட்டத்தோடு புறப்பட்டுக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். மயக்கமும் வாந்தியும் மட்டும் அந்தச் சலுகைக்குப் போதுமான காரணங்கள் அல்ல. உயிரச்சம் மேலோங்கினால்தான் கடமை நீங்கும்.

பாலாற்றங்கரையிலிருந்து பயணம் எவ்வாறு அமைந்தது? சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலையில் இருப்புப்பாதை வந்தது. சில ஆண்டுகளில் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. 1871இல் சென்னையும் பம்பாயும் இரயிலால் இணைந்தன. அதன்பின் நம்மவர்க்குப் பம்பாயே ஹஜ்ஜின் வாசலாயிற்று. அங்கே முஸாஃபிர்கானாவில் தங்கி, தடுப்பூசிச் சான்றும் பயணச்சீட்டும் பெற்று, பிற்காலத்தில் 'முகல் லைன்' எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் கப்பலில் ஏறினர். அந்நிறுவனம் 1877இல் தொடங்கப்பட்டது. பம்பாயிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 2,300 கடல்மைல். செங்கடலின் வாயிலைக் கடந்தபின் கமரான் தீவில் தொற்றுத்தடுப்புத் தங்கல் வேறு; 1882இல் உஸ்மானியர் தொடங்கிய அந்நிலையம் 1952 வரை நீடித்தது.

இங்கே ஒரு முரண். பாய்மரக் கப்பல் காலத்தில் பயணி காற்றுக்குக் காத்திருந்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக்கரைத் துறைகள் ஏறத்தாழ மூடிக்கிடந்தன. ஹஜ் எம்மாதத்தில் வந்தாலும் வடகிழக்குக் காற்றோடு குளிர்காலத்திலோ அதன் இறுதியிலோ புறப்பட்டு, ஹிஜாஸில் மாதக்கணக்கில் தங்கிவிடுவர். 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லே ஹஜ் பருவத்தையும் குறிக்கும், மான்சூன் என்னும் சொல்லாகவும் உலகெங்கும் பரவியது என்பது தற்செயலன்று. நீராவிக் கப்பல் வந்ததும் காத்திருத்தல் ஒழிந்தது. கப்பல் காற்றுக்கு எதிரேயும் செல்லும். விளைவு: சந்திரக் கணக்குப்படி ஹஜ் கோடையில் வந்த ஆண்டுகளில், முன்னோர் தவிர்த்த அதே கொந்தளிப்பினூடே பயணிகள் சென்றனர். பயணம் விரைவாயிற்று, மயக்கம் கடுமையாயிற்று.

ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சுழற்சி திரும்பும். 1890ஐ ஒட்டியும், 1920களின் முற்பகுதியிலும், 1950களின் நடுவிலும், 1980களின் பிற்பகுதியிலும் ஹஜ் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அமைந்தது. ஒரே குடும்பத்தில் தந்தை 1938இல் சென்றிருப்பார். மகன் 1955இல் சென்றிருப்பான். முன்னவர் குளிர்காலக் கடலில் கண்டது பாய் விரித்தாற்போன்ற நீர்ப்பரப்பு. பின்னவன் ஸொகோத்ரா தீவை நெருங்குகையில் தென்மேற்குக் காற்றின் முழு வேகத்தையும் எதிர்கொண்டிருப்பான். 'அவர் தாங்கினார், இவன் தாங்கவில்லை' என்று ஊரார் பேசியிருந்தால் அது பிழை, கடல்தான் வேறு.

கப்பலுக்குள்ளும் இடவேற்றுமை உண்டு. அலை எதிரே வருகையில் முனையும் பின்புறமும் அதிகம் ஏறி இறங்கும். நடுப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில் ஆட்டம் குறைவு. மேல்தளத்து முதல் வகுப்பு அறை வாங்கிய தோல் முதலாளிக்குக் காற்று கிடைத்தது, ஆட்டமும் கிடைத்தது. கீழ்த்தளத்தில் பாய் விரித்த எளியவருக்கு ஆட்டம் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் புழுக்கமும், எண்ணெய்ப் புகையும், பக்கத்தவர் வாந்தியின் நாற்றமும் அதனை ஈடுசெய்துவிட்டன. பதனிடும் ஆலையின் நாற்றத்தில் ஆண்டுக்கணக்காய் உழைத்த மூக்குக்கும் இந்நாற்றம் புதிது. அத்தர் தோய்த்த கைக்குட்டையை முகர்ந்து ஆறுதல் பெற்றவரும் யலம்லம் எல்லை நெருங்கி இஹ்ராம் அணிந்ததும் நறுமணத்தைத் துறந்தாக வேண்டும். நல்லவேளையாக, அதற்குள் உடல் பழகியிருக்கும்; செங்கடலும் அரபிக்கடலைப் போன்றதன்று.

உடல் பழகும் என்பதை இப்னு ஸீனா (ரஹ்) அன்றே எழுதினார். 'அல்கானூன்' நூலில் பயணிகளுக்கான பகுதியில் கடற்பயணிக்கெனத் தனி அறிவுரை உண்டு. முதல் நாட்களில் தலைச்சுற்றும் குமட்டலும் வாந்தியும் வந்து பின்னர் தணியும். அளவு மீறினாலன்றி வாந்தியை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். சீமை மாதுளை, ஆப்பிள், மாதுளை முதலியவற்றை உண்ணலாம். புளிப்புச் சேர்த்த பருப்பு நன்று என்கிறார். நம் வீடுகளில் ஹாஜிகளுக்கு எலுமிச்சை ஊறுகாயும் இஞ்சியும் கட்டிக்கொடுத்த பாட்டிமார் 'கானூன்' படித்தவரல்லர். எனினும் புளிப்பு என்னும் இடத்தில் இருவரும் சந்திக்கின்றனர்.

காரணத்தை அறிய நெடுங்காலம் ஆயிற்று. வயிற்றிலுள்ள பித்தமே காரணம் என்று உலகம் நம்பியிருந்தது. 1882இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், செவித்திறனற்றவர் பலருக்குத் தலைச்சுற்று ஏற்படுவதில்லை எனக் கண்டு எழுதினார். உட்காதின் சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ அசைவைக் காண்பதில்லை. இரண்டின் முரண்பாட்டில் மூளை குழம்புகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தளத்துக்கு வந்து தொடுவானத்தை நோக்கினால் மயக்கம் குறைவது இதனால்தான். ஒரு பெண்ணுக்குத் தோல் அரிப்புக்காகக் கொடுத்த மருந்து அவளது டிராம் பயண மயக்கத்தையும் நீக்கியதை 1947இல் அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தனர்; அதிலிருந்து 'டிராமமின்' பிறந்தது. நம் நாட்டில் 'அவோமின்' மாத்திரை பரவலாயிற்று. ஆகவே 1920களின் ஹாஜிக்கும் 1980களின் ஹாஜிக்கும் கடல் ஒன்றே எனினும் கைப்பை வேறு.

உடல் கப்பலுக்குப் பழகியபின் கரைக்கு மீண்டும் பழக வேண்டியிருந்தது. ஜித்தாவில் இறங்கியவருக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ தரை அசைவது போலவே தோன்றும். நோயன்று, மூளை இன்னும் அலையை எதிர்பார்ப்பதன் விளைவு. முதல் தவாஃபில் கண்ட தள்ளாட்டத்தைச் சிலர் மெய்ப்பாடாகவும் சிலர் பலவீனமாகவும் எண்ணியிருக்கலாம். இரண்டுக்குமிடையே கடலின் பங்கும் இருந்தது.

பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல்கள் 1995இல் நிறுத்தப்பட்டன. கடல்வழியை மீண்டும் தொடங்கச் சவூதி அரசு இசைந்ததாக 2018 ஜனவரியில் இந்திய அரசு அறிவித்தது. அது எவ்வாறாயினும், பழைய கப்பலில் தம் முப்பதாம் வயதில் சென்றவரும் இன்று முதியவரே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அத்தகையோர் இன்னும் இருக்கின்றனர்; பெண்களும் உளர். எந்த மாதத்தில் சென்றீர்கள், எத்தளத்தில் படுத்தீர்கள், எத்தனையாம் நாள் எழுந்து உட்கார்ந்தீர்கள், தொழுகையை நின்று தொழுதீர்களா உட்கார்ந்தா, யார் மஸ்அலா சொன்னார், உளூவுக்கு எந்நீர் என்னும் வினாக்களை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பவர் வேண்டும். நம் மத்ரஸா மாணவர் இரண்டு விடுமுறைக் காலங்களில் இதனைச் செய்து முடிக்கலாம்.